இமையில் ஒட்டிய ஈர்

இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே ஒரு பேனை வைத்து அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தம் வருமே, அது நம் வயதுக்காரிகளுக்குத்தான் தெரியும். இப்போது கடையில் பாட்டில் விற்கிறார்கள். தடவிக் குளித்தால் தீர்ந்தது. நாம் அப்படியா இருந்தோம்?

எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பேர் இருந்தது. திருத்தணியில் மலையடித் தெருவில் ஒன்பது வயதுப் பெண் நான். கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். நான் பின்னால் முட்டி போட்டு நின்று வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டே போவேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி, அங்கே யாரும் என்னை மெச்சியதில்லை. தலை பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பொடுகு எது, ஈர் எது என்று ஒரு பார்வையில் சொல்லுவேன். விரலால் தள்ளினால் பொடுகு உதிர்ந்துவிடும். ஈர் உதிராது, மயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நகத்தால் உருவினால்தான் வரும். தலைத்தோலை ஒட்டி இருந்தால் உயிருள்ள ஈர், தள்ளி வெள்ளையாக நின்றால் பொரித்துப்போன வெறும் கூடு. முதலில் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் குடியேறும். கருப்பு மரத்தில் இரண்டு பக்கமும் பல் வைத்த பேன் சீப்பு ஒன்று வைத்திருந்தேன். கிருத்திகைத் திருவிழாக் கடையில் நைனா, எங்கள் அப்பா, வாங்கித் தந்தது. எண்ணெய் ஏறி ஏறி அது குதிரை முதுகு மாதிரி மின்னும். எந்தக் காலத்தில் எங்கே தொலைந்ததோ.

பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். அந்தப் பெருமையால் என் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன்.

நைனா ஜட்கா வண்டி ஓட்டினார். ரயிலடியிலிருந்து மலையடிக்குச் சவாரி. எனக்குப் பிறகு அம்மா இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் வாரிக் கொடுத்தாள். மூன்றாவதாகத் தம்பி பிறந்தபோது, இது தங்கினால் மூன்று வயதில் மலைமேல் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். முதல் முடி. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், அதுவரை கத்தியோ கத்திரிக்கோலோ படக்கூடாது. மாமாவோ பட்டாளத்துக்குப் போய்விட்டார். உலகமெல்லாம் சண்டை நடந்த காலம் அது. ‘லீவு இல்லை’ என்று எப்போதாவது ஒரு கடிதாசி வரும். தபால்காரர் படித்துச் சொல்லுவார், அம்மா அதை வாங்கி அரிசிப் பானையில் போட்டு வைப்பாள். மூன்று வயது முடிந்து நாலும் முடியப் போயிற்று. தம்பிக்கு முடி இடுப்பைத் தொட்டது. தினமும் எண்ணெய் வைத்து, சீவி, பின்னி, கதம்பம் வைத்துவிடுவாள். பித்தளைச் சிமிழிலிருந்து மை எடுத்துக் கண்ணுக்குத் தீட்டுவாள். பார்க்கிறவர்கள் பெண் குழந்தை என்றுதான் கொஞ்சுவார்கள்.

அந்தப் பங்குனியில் தம்பிக்கு அம்மை போட்டது. நம் வீடுகளில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வேப்பிலைப் படுக்கை, எண்ணெய் கூடாது, சீப்பு கூடாது, குளிப்பாட்டக் கூடாது. ஒரு மாதம் அப்படிக் கிடந்தான். மூன்றாம் தண்ணீர் ஊற்றி எழுப்பி உட்கார வைத்தபோது பின்னல் பின்னலாக இல்லை. தலைக்குப் பின்னால் பாய்ச்சுருள் மாதிரி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. அம்மா சீப்பை வைத்தாள். அவன் வீறிட்டான்.

நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

“கைய எடுடி! சீப்ப கீழ போடு. சடை வுட்டுகினு கீது, தெரியல? சாமிக்குன்னு வளத்த முடி. சாமியே வந்து புடிச்சிகினாரு.”

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். அப்புறம் அந்தக் கட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமையே நாலு பேர் தேங்காயோடு வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இருபது பேர். மலைக்கு வந்த தெலுங்குக்காரர்கள் கூட நைனா வண்டியிலிருந்து இறங்கி, “ஸ்வாமி! ஸ்வாமி!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தம்பியை மணையில் உட்கார வைத்து, சடைக்கு மஞ்சள் தடவி, சாம்பிராணி போடுவாள் அத்தை. வந்தவர்கள் குனிந்து தங்கள் நெற்றியைச் சடையில் ஒற்றி எடுப்பார்கள். அவன் என்ன செய்வான்? வாழைப்பழம் கொடுத்தால் தின்பான். கையைத் தூக்கித் தலையைச் சொறியப் போவான். “சாமி சடைய சொறியக் கூடாது கண்ணா” என்று அத்தை கையைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் இரண்டு கைக்கும் துணி சுற்றிக் கட்டிவிட்டாள். அந்தத் துணி மூட்டையால் தரையைக் குத்திக் குத்தி அழுவான். சாம்பிராணியையும் தாண்டி ஒரு நாற்றம் வரும், புளித்த கஞ்சியில் எலி விழுந்த மாதிரி. அதைச் சாமி வாசனை என்றார்கள். நானே என் காதால் கேட்டேன்.

கிழமையை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை நாலு தலை வரும் எனக்கு, அந்தச் சித்திரையிலிருந்து பத்து, பன்னிரண்டு வர ஆரம்பித்தது. பேனே இல்லாத தலைகள், நான் கை வைத்துத் துடைத்து அனுப்பிய தலைகள், திரும்பி வந்தன. யார் யார் என்று பார்த்தேன். போன வாரமும் முந்தின வாரமும் வெள்ளிக்கிழமை சடையில் நெற்றி ஒற்றியவர்கள். ஒற்றாதவள் ஒருத்தி கூட இல்லை. முன் நெற்றியில் போய் யாருக்காவது முதலில் பேன் ஏறுமா? இவர்களுக்கு அங்கேதான் ஏறியிருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, தம்பி தலையில பேன் கீதும்மா. வெள்ளிக்கெழம கும்புட்டுட்டுப் போறவங்கதான் எங்கிட்ட சொறிஞ்சிகினு வர்றாங்க.”

கன்னத்தில் விழுந்தது ஒன்று. “சாமி தலையில பேனாம்! வாயில இன்னாடி வச்சிகினு கீற?”

உள்ளேயிருந்து அத்தை சிரித்தாள். “ஊரு பேன நோண்டி நோண்டி இவளுக்குப் பாக்கிறதெல்லாம் பேனாத் தெரியுது. நாளைக்கி மலமேல போயி மூலவருக்கும் பேன் பாப்பா!”

அம்மா எதனால் அடித்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நானும் பிள்ளை பெற்று, ஒன்றைத் தொலைத்த பிறகு தெரிந்தது. சடை விழுந்த பிள்ளையைச் சாமி சாக விடாது என்று அவள் நம்பினாள். அது சடை இல்லை என்றால் அவன் மற்ற இரண்டு பிள்ளைகளைப் போல வெறும் பிள்ளையாகி விடுவான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மாமா வரவில்லை. ஊரெல்லாம் மஞ்சள் துணியும் காவடியுமாக இருந்தது. தம்பி தலைமேல் ஒரு துண்டைப் போர்த்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு காவடி காட்டக் குளக்கரைக்குப் போனேன். அங்கே முடி எடுக்கிற நாவிதர் ஒருவர். நைனாவுக்குப் பழக்கம், வண்டியில் சும்மாவே ஏறிக்கொள்வார். கத்தி தீட்ட நிமிர்ந்தவர் தம்பியைப் பார்த்தார்.

“பாப்பா, அந்தத் துணிய எடு.”

எடுத்தேன். கிட்டே வந்து தொடாமல் குனிந்து பார்த்தார்.

“சடை வுட்ட சாமியாருங்க தலைய நான் பாத்துகீறேன். காஞ்ச கயிறு மாதிரி கெடக்கும், மண்ணு வாசன வரும். இது ஈரமா கீது பாரு. பேன் கடிச்சி, புண்ணாயி, சீழு வடிஞ்சி முடிய ஒட்டிகினு கீது. அது மேல மஞ்ச வேற. இது சடையில்ல பாப்பா, பேன் கூடு.”

“நான் அப்பவே சொன்னேன்!” என்றேன் நான். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. பாருங்கள் என் புத்தியை.

“எண்ணெ உள்ள எறங்காது. அடியோட எடுத்தாதான் போவும். புள்ள ஒடம்புல ரத்தமே இல்லியே, உதடு வெளுத்துப் போயி கீது. கழுத்துல நெறி கட்டிகினு கீது. எத்தினி நாளு தாங்கும்?” என்றவர், தம்பியின் முகவாயைத் தொட்டு வெயிலுக்குத் திருப்பினார். “எறங்கி வந்துடுச்சி. இமைய பாத்தியா நீ?”

பார்த்தேன். இமை மயிரின் அடியில் வரிசையாகச் சாம்பல் நிற மணிகள். எள்ளில் பாதி இருக்காது. விரலால் தள்ளினேன், நகரவில்லை. ஊரார் பிடரியில் ஒளிந்த ஈரெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. என் இடுப்பில் இருந்த பிள்ளையின் இமையில் இருந்ததை நான் மை அப்பிக் கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். தினமும் காலையில் பீளை கட்டி அவன் கண் திறக்காமல் கிடந்ததற்கு, சூடு என்று சொல்லி மேலும் மையை வைத்துக்கொண்டிருந்தாள் அம்மா.

நாவிதர் அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார். அத்தை விடுவாளா?

“இன்னாப்பா, கிருத்திகை முடிஞ்சதும் கத்திக்கு பசியெடுத்துச்சா?”

“தலைக்கு எனக்குப் பஞ்சம் இல்லீங்க. கிருத்திகை மூணு நாளும் நிமிந்து பாக்கல. இந்தப் புள்ள சோந்து கீதுன்னுதான் வந்தேன்.”

“எந்தம்பி வரட்டும்” என்றாள் அம்மா. “அவன் மடியில உக்காத்திதான் எறக்கணும்.”

“அவரு வர்ற வரிக்கும் புள்ள தாங்கணுமேங்க” என்று அவர் நைனாவைப் பார்த்தார்.

நைனா குதிரையின் கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொள்ளு ஒரு பிடி குறைந்தால் தெருவே கேட்கச் சண்டை போடுகிற மனுஷன், அன்று துடைத்த கடிவாளத்தையே துடைத்தார். நாவிதர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பேன் மிகுந்த தலைக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பார்கள். சண்டைக் காலத்தில் விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. ஆவணியில் சுற்றியிருக்கும் குன்றெல்லாம் சீத்தாப்பழம். கூடை கூடையாக வரும். கொட்டையைக் காய வைத்து, இடித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தலையில் பூசினால் பேன் கொத்தாகச் சாகும். பெரிய பெண்களுக்கு நானே பூசியிருக்கிறேன். பூசும் முன் கண்ணை மூடித் துணியால் கட்டிவிட வேண்டும், ஒரு சொட்டுக் கண்ணுக்குள் போகக்கூடாது. அதெல்லாம் தெரிந்தவள்தான் நான்.

சடையில் கை வைத்தால் அத்தை கண்டுபிடித்துவிடுவாள். முதலில் இமை. அங்கே கொஞ்சம்தானே வேண்டும், யாருக்கும் தெரியாது. கண்ணுக்குள்தான் போகக்கூடாது, இமை கண் இல்லையே என்று நினைத்தேன். என் விரலை நான் அப்படி நம்பினேன்.

மத்தியானம். அம்மா துணி துவைக்கக் குளத்துக்குப் போயிருந்தாள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி லாயத்துப் பக்கம் குதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் பாதிதான் திறந்திருந்தது.

“கண்ண மூடு, அக்கா ஒன்னு காட்டுறேன்.”

“இன்னா?”

“மூடுன்னா மூடு.”

மூடினான். சிரித்துக்கொண்டே மூடினான். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த விழுதை ஆள்காட்டி விரல் நுனியால் தொட்டு வலது இமை ஓரத்தில் தடவினேன். அழகாகத்தான் தடவினேன். அவன் நான் என்ன காட்டப் போகிறேன் என்று பார்க்கக் கண்ணைத் திறந்துவிட்டான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. குதிரை மிரண்டு முளையை இழுத்தது. துணி சுற்றிய கையால் அவன் கண்ணைத் தேய்த்தான், தேய்த்தான். நான் என் பாவாடையால் துடைத்தேன். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கிண்ணத்தைப் புல்லுக்கட்டுக்குள் சொருகிவிட்டு, நானும் கத்தினேன், “அத்தே! தம்பிக்குக் கண்ணுல இன்னாமோ ஆயிடுச்சி!”

அத்தை ஓடிவந்தாள். கண் ரத்தமாகச் சிவந்து வீங்கிக்கொண்டிருந்தது. ஈரத் துணியோடு அம்மா வந்தாள். “தீட்டுக்காரி எவளோ வெள்ளிக்கெழம சடைய தொட்டுட்டா” என்றாள் அத்தை. “சாமிக்குக் கோவம்.” கோவத்தைத் தணிக்க விபூதியைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணில் விட்டாள். அன்றைக்கு மூன்று வேளை, மறுநாள் மூன்று வேளை, அதற்கு மறுநாளும். நான் பக்கத்தில் நின்று சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில் தம்பிக்கு ஜுரம் கொதித்தது. கண் திறக்கவே இல்லை. நைனா வண்டி பூட்டினார்.

“எங்க கூட்டினு போற?” என்றாள் அத்தை.

“அரக்கோணம். ஆஸ்பத்திரிக்கி.”

“சாமி குத்தத்துக்கு ஆஸ்பத்திரியா?”

“சாமி கண்ண எடுத்துக்கட்டும் அக்கா. புள்ளையாவது மிஞ்சட்டும்.” அக்காவை எதிர்த்து நைனா பேசியது அந்த ஒரு தடவைதான்.

ரயிலடியில் வண்டியை விட்டு ரயில் ஏறினோம், எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நாற்றம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கண்ணாடி போட்டவர். தம்பியின் தலையைப் பார்த்ததும் கத்திரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா குறுக்கே நின்றாள். தாய்மாமன் மடி இல்லாமல் படக்கூடாது என்றாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. “உன் தம்பி எப்போம்மா வருவார்?” என்று கேட்டார். நைனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கட்டி ஒரே துண்டாக வந்தது. உள் பக்கம் திரும்பியதும் அது அசைந்தது. எள்ளைக் கொட்டி வைத்தது மாதிரி, எள் நடந்தது மாதிரி. கீழே தலைத்தோல் எங்கும் புண். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுங்களயா நான் கும்புட்டேன்?” என்றாள். யாரிடமும் கேட்கவில்லை.

டாக்டரம்மா கண்ணைத் திறந்து பார்த்தார். “கண்ல என்ன போட்டீங்க?”

“விபூதித் தண்ணிங்க” என்றாள் அம்மா.

“வேற?”

டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தேன்.

“வேற ஒன்னும் இல்லீங்க” என்றாள் அம்மா.

“கண்டதையும் கரைச்சு ஊத்திப் பிள்ளையோட கண்ணைக் கெடுத்துட்டியேம்மா. அன்னிக்கே நல்ல தண்ணில கழுவித் தூக்கிட்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதே.”

அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

பதினைந்து நாள் அங்கே இருந்தோம். புண்ணைக் கழுவி மருந்து போட்டார்கள். எங்கள் துணி, பாய் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அவித்தார்கள். இடது இமைக்கு நர்சம்மா ஒருவர் கனமாக வாசலின் அப்பினார். தினம் இரண்டு வேளை. பேனெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப் போயிற்று. பிறகு சின்ன இடுக்கியால் ஒவ்வொரு ஈராக உருவினார், அவசரமே படாமல், ஒரு கையால் தம்பியின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு. நான் எட்டி நின்று பார்த்தேன். வெறும் வாசலின். அவ்வளவுதான். இடது கண் பிழைத்தது. வலது கண்ணில் பூ விழுந்தது. கடைசி வரை வெள்ளையாக அப்படியே நின்றது.

சண்டை முடிந்து மாமா வந்தார். தம்பியை அவர் மடியில் உட்கார்த்தி, புதிதாக வளர்ந்த முடியை மலைமேல் இறக்கினார்கள். “கண்ணு எப்படிக்கா போச்சி?” என்று கேட்டார். “நான் முடிய குடுக்காம நாள கடத்தினேன், சாமி கண்ண எடுத்துகினாரு” என்றாள் அம்மா. டாக்டரம்மா சொன்னதை அவளும் சொல்லவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டிலும் தெருவிலும் அதுவே கதையாகிவிட்டது. தம்பி அந்தக் கதையோடு வளர்ந்தான். வருஷா வருஷம் காவடி எடுத்தான். ஆர்.கே.பேட்டையில் பெண் கட்டி அங்கேயே தங்கினான், தறி வைத்தான். அங்கேயும் ‘சாமிக்குக் கண்ணு குடுத்தவரு’ என்றுதான் அவனுக்குப் பேர். நியாயம் கேட்க வருவார்கள், பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூப்பிடுவார்கள்.

அவனிடம் ஒரு தடவை சொல்லிவிட்டேன். எனக்கு எண்பது தாண்டியாயிற்று, இனி எதற்கு மூடி வைப்பது என்று பஸ் ஏறிப் போனேன். அவன் மருமகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சீத்தாப்பழக் கொட்டை, புல்லுக்கட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான், இல்லாவிட்டால் போனால் போகிறது அக்கா என்பான். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான். “இத வேற யார்கிட்டயாவது சொல்லிகீறியா?”

“இல்லடா.”

“சாமி எடுத்துகினாருன்னா நான் குடுத்தவன். நீ எடுத்தன்னா நான் வெறும் பொட்டக்கண்ணன். எழுவது வருஷம் கழிச்சி என்ன பொட்டக்கண்ணன் ஆக்காதக்கா.”

நான் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“பொய்னு சொல்லு” என்றான்.

“பொய்தான்டா” என்றேன். “வயசாயிடுச்சி இல்ல, எதையோ ஒளறிகினு கீறேன்.”

“ஆங்” என்று தலையை ஆட்டினான். துண்டால் அந்த வெள்ளைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டுட்டுப் போ” என்றான்.

அவன் காலமாகி, போன தையோடு ஒரு வருஷம் ஆயிற்று. சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சாமிக்குக் கண் கொடுத்தவர் என்று சொல்லித்தான் மாலை போட்டார்கள். நானும் தலைமாட்டில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்றேன். இனி அவன் காதில் விழாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன். பொய் இல்லை. அவனுக்கு வலது கண். எனக்கு வலது கை, ஆள்காட்டி விரல்.